மாரப்பனின் இலை

ஆயுதபூஜை விருந்து. வேலம்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்திலிருந்த, தைத்த பனியன்களைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்ணிடம் சூப்பர்வைசர் குனிந்து, "கண்ணு, உங்க காலனி ஆளுங்க மட்டும் அவங்கவங்க எலைய எடுத்துருங்க," என்றார். மற்ற இலைகளை எடுக்க ஆட்கள் நின்றார்கள். பாயசத்தை அப்படியே வைத்தேன். இன்றைக்குமா?

கணியூரில் என் சின்ன வயதில் நடந்த எங்கள் வீட்டுக் காதுகுத்து கண்முன் வந்தது. கல்லூரி முதல்வர் வேலையை விட்டுவிட்டு, சாதி கூடாதென்று ஊர் ஊராகப் பேசத் தொடங்கியிருந்தார் அப்பா. தோட்டத்தில் வேலை செய்த மாரப்பன் கொல்லையில் தனியே சாப்பிட்டுவிட்டு, வழக்கப்படி தன் இலையைச் சுருட்டினார். கடைசிப் பந்தியில் இருந்த அப்பா எழுந்துபோய் அதைப் பிடுங்கிக்கொண்டார். ரசம் அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. தோட்டத்தைப் பார்த்துவந்த பெரியப்பா கொல்லை வாசலுக்கு வந்தார். மாரப்பன் அவரைப் பார்த்துவிட்டு, இலைக்காக அப்பாவிடம் கையை நீட்டினார்.

"குடுத்துருங்க சாமி. நீங்க ஊருக்குப் போயிருவீங்க. நாளைக்குப் பெரியவுங்க மூஞ்சில நான்தானுங்க முழிக்கோணும்."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. இலையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பந்திக்கு வந்து, தன் இலையை எடுத்துக்கொண்டு மாரப்பனுக்குப் பின்னால் குப்பைமேட்டுக்கு நடந்தார். சாகும்வரை எந்த விருந்திலும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

செக்கிங் பெண் தலை நிமிராமல் இலையை மடித்தாள். அதை நான் தொடவில்லை. என்னுடையதை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

சூப்பர்வைசர் பதறி ஓடிவந்தார். "ஏனுங்க மேடம், நீங்க எடுத்தா பாக்கறவங்க உங்களையும்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"என்னையும்? சொல்லுங்க," என்றேன்.

இலையோடு அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நடந்தேன்.