மீன்காரிக்கு நான் வைத்த பெயர்

கைபேசியில் எண்ணைச் சேமித்தால் ஆள், ஊர், காரியம் மூன்றையும் போடுவேன். டைரி எழுதுபவளின் பழக்கம். கடப்பாக்கத்திலிருந்து எங்கள் நாவலூர் குடியிருப்புக்கு மீன் கொண்டுவருகிறவளை ‘மீன், கடப்பாக்கம், டி.பி. மாத்திரை’ என்று போட்டிருந்தேன். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அவளை அழைத்துப் போனவள் நான்தான். ஆறு மாதம் மாத்திரையை நினைவூட்டினேன். குணமாகிவிட்டாள். குறிப்பை மாற்றவில்லை.

மனை வேண்டுமா, கடன் வேண்டுமா என்று ஒரே நாளில் பதினோரு அழைப்புகள் வந்தபோது, தொல்லை எண்களைப் புகார் செய்யும் செயலி ஒன்றை இறக்கினேன். தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்டது. மின்கட்டண ரசீதையே இரண்டு முறை படிக்கும் நான், படிக்காமல் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வந்த மீன்காரி கூடையை இறக்கவில்லை.

“யக்கா, நான் போன் பண்ணா டி.பி. மாத்திரைனு வருதாம். வாட்ச்மேன் செல்ல நீட்டிக் காட்டறான். ஆறு வூட்டுல மீனு வாணாம்னுட்டாங்க. இருமிக்கினே அறுக்கறியானு ஒரு அம்மா கேக்குது. உனக்கு மட்டுந்தானே தெரியும்?”

வாட்ச்மேனிடம் போய்ப் பார்த்தேன். அவன் செல்லிலும் அதே செயலி; என் தொடர்புகளை அள்ளிக்கொண்டு போய், அழைப்பவர் பெயராக எல்லாருக்கும் காட்டுகிறது. நான் போட்ட கமாக்கள் உட்பட அப்படியே இருந்தது. அவள் எண்ணைச் சேமிக்கக்கூட மெனக்கெடாத வீடுகளுக்கெல்லாம் அவள் நோயைப் படித்துக் காட்டியிருக்கிறது.

என் கைபேசியில் அழித்தேன், அங்கே அழியவில்லை. பெயரை நீக்க, எண்ணுக்கு உரியவளே செயலிக்காரர்களிடம் பதிவுசெய்து, நிபந்தனைகளுக்குச் சம்மதிக்க வேண்டுமாம். திருடனிடமே போய்ச் சாவியைக் கொடு என்கிறார்கள். கூச்சமில்லாத அந்தப் பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம் வேறு.

“செஞ்சு குடு,” என்றாள். செய்தோம். ஒரு நாள் ஆகும் என்று வந்தது.

“அந்த ஆறு வீட்டுலயும் குணமாயிடுச்சுன்னு நானே சொல்றேன்,” என்றேன்.

“ஐயோ, வாணாம். அப்போ இருந்துச்சுனு ஆயிடும்க்கா.”

அதனால் அன்று மாலை ஆறு கதவுகளையும் தட்டி, மாத்திரை என்னுடையது, வாங்கி வந்தவள் அவள், குறிப்பைத் தவறாகப் போட்டது நான் என்று பொய் சொன்னேன். ஐந்து வீட்டில் தலையாட்டினார்கள். ஆறாவது வீட்டு அம்மாள், “நல்லவேளை சொன்னீங்க, நாளைக்கு வஞ்சிரம் கொண்டாரச் சொல்லுங்க,” என்றபடி ஓரடி பின்வாங்கினார். கதவு மூடுவதற்குள் கைபேசியை எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் எதையோ சேர்த்துக்கொண்டிருந்தார்.