லிஃப்ட் அக்காவும் பழைய மோடமும்

அவளை எல்லாரும் லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அடுக்குமாடிகளில் நின்றுபோன லிஃப்ட்களை ஓடவைப்பவள். எப்படிப்பட்ட பழுதும் அவளிடம் வாலாட்டாது. வேறு ஊரிலிருந்த அண்ணனோடு பழகத்தான் வழி தெரியாமல் தவித்தாள்.

பக்கவாதத்தில் அண்ணனுக்குப் பேச்சு போய்விட்டது; வலக்கையும் சரியாக வரவில்லை. வீடியோ அழைப்பு வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எல்லாரும் கேள்வியா கேக்குறாங்க. பதில் சொல்ல முடியலையேன்னு அவருக்குக் கோபம்மா" என்றாள் அண்ணி.

ஒரு காலத்தில் அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு வீடியோ கேம் பெட்டி வாங்கி, தொலைபேசி வயரைச் செருகி, ஊர்விட்டு ஊர் கார் பந்தயம் ஓட்டியவர்கள். பெட்டிகள் இரண்டும் அவரவர் வீட்டுப் பரணில் பத்திரமாக இருந்தன. அவற்றை இணைத்துவைத்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. வீடுகளில் பழைய தொலைபேசி லைனும் இல்லை.

பெட்டிக்குள் இருந்த, தொலைபேசி வயர் வழியாகத் தகவல் அனுப்பும் மோடத்தைக் கம்ப்யூட்டரில் மாட்டிய இன்னொரு மோடத்தோடு நேராக வயரால் இணைத்துப் பார்த்தாள். திரையில் "லைன் இல்லை" என்றே வந்தது. மூன்று வாரம் மண்டையைக் குடைந்துகொண்டாள்.

ஒருநாள் லிஃப்டுக்குள் இருக்கும் அவசரத் தொலைபேசியைச் சோதித்தபோது மீட்டர் முள் அசைந்தது. யாரும் பேசாதபோதும் அந்த வயரில் கொஞ்சம் மின்சாரம் இருந்தது.

"செத்த வயரைக் கொடுத்துட்டுப் பெட்டியைத் திட்டிட்டு இருந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலையே வயரின் நடுவில் ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றையும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் ஒன்றையும் பற்றவைத்தாள். மோடங்கள் இரண்டும் கீச்சிட்டுப் பேச ஆரம்பித்தன. அந்தப் பேச்சை இணையம் வழியாக அனுப்பும் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. இந்த வழியை ஏற்கெனவே பலர் கண்டுபிடித்திருந்தது அவளுக்குப் பிறகுதான் தெரியும்.

இன்னொரு செட் செய்து, வயருக்கு வயர் கலர் ஒட்டி அனுப்பினாள். ஸ்க்ரூடிரைவரையே தொட்டறியாத அண்ணி, ஞாயிறு பிற்பகலில் செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செருகினாள்.

முதல் திருப்பத்திலேயே அண்ணன் கார் சுவரில் முட்டியது. தங்கைக்கு வேகத்தைக் குறைக்கலாமா என்றிருந்தது. குறைத்தால் கண்டுபிடித்துவிடுவார். குறைக்காமல் ஓட்டி இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். மூன்றாவதில் பின்னாலிருந்து வந்த அண்ணன், வேண்டுமென்றே அவள் காரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்.

"அண்ணி, அண்ணன் என்ன பண்றாரு?"

"சிரிக்கிறாரும்மா. இன்னொரு ஆட்டம்னு விரலைக் காட்டுறாரு."

பிசியோதெரபிஸ்ட் தந்த பந்தை அமுக்க மாட்டேன் என்று அடம்பிடித்த அந்தக் கை, அன்று ஆறு மணிவரை கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை.