மாமாவுக்கு வைத்த தட்டு

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அக்டோபர் கடைசி. பூர்வகுடிகளான எங்கள் க்ரீ ஜனங்களின் பிள்ளைகளை வெள்ளைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டுபோய் அடைத்த விடுதிப் பள்ளி இருந்த திடல். கட்டடத்தை இடித்து வெகுகாலம் ஆகிறது. மறுநாள் காலை, மண்ணுக்கு அடியில் புதைகுழிகளைத் தேடும் கருவி வரப்போகிறது. அதுவரை, இறந்தவர்களுக்காக மூட்டிய நெருப்பு அணையக் கூடாது. காவலுக்கு நானும் மச்சான் வில்ஃப்ரெடும்.

அம்மாவின் தம்பி அல்ஃபோன்ஸ் மாமா இந்தப் பள்ளியிலிருந்து வீடு திரும்பவே இல்லை. எங்கே புதைத்தார்கள் என்றுகூட யாரும் சொல்லவில்லை. "என் கண்ணு மூடுறதுக்குள்ள அவன் எங்கன்னு சொல்லிடுடா" என்று அம்மா கேட்டிருந்தாள். அவளும் அங்கே படித்தவள்தான். இன்றைக்கும் யாராவது "சாப்பிடு" என்று சொல்லும்வரை தட்டில் கை வைக்க மாட்டாள். நாங்கள் அதைக் கேலி செய்வோம்.

எங்கள் வழக்கப்படி இறந்தவர்களுக்கான தட்டை நெருப்புக்கு மேற்கே வைத்தேன். மூஸ் மான் கறி, சுட்ட ரொட்டி, காட்டுப்பழம், டீ.

"விறகு எடுத்துட்டு வரேன். பேய் வந்தா டீ குடு மச்சான்" என்று சிரித்துக்கொண்டே வில்ஃப்ரெட் வண்டிக்குப் போனான். மணி ஆறே முக்கால். இருட்டிவிட்டது.

நறுக்... நறுக்...

புதுப் பனியை யாரோ மிதிக்கும் சத்தம். திரும்பினேன். யாரும் இல்லை.

பனியில் சின்னச் சின்னக் காலடிகள். வெறுங்கால். சாப்பாட்டுக்கூடம் இருந்த பக்கத்திலிருந்து வந்து, வெளிச்சத்தின் ஓரத்தில் நின்றிருந்தன. நேர் வரிசையில். திரும்பிப் போன தடம் இல்லை.

ஏன் தட்டுப் பக்கம் வரவில்லை?

அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. 'சாப்பிடு' என்று சொல்வதற்கு முன் ரொட்டியைத் தொட்டால் பிரம்படி.

காத்திருக்கிறார்கள்...

எங்கள் பாஷையில் சொன்னேன். அதைப் பேசினாலும் அங்கே அடிதான். "சாப்பிடுங்க கண்ணுங்களா... இங்க யாரும் அடிக்க மாட்டாங்க."

நறுக். நறுக். நறுக்.

வரிசை கலைந்தது. தட்டு அசைந்தது.

ஒரு தடம் மட்டும் தட்டை விட்டு என்னை நோக்கி வந்தது. இடது காலை இழுத்து இழுத்து...

நான் உட்கார்ந்திருந்த கட்டையருகே, முதுகுக்குப் பின்னால் நின்றது.

அந்த விடுதியில் போட்டதாக அம்மா சொல்லும் காரச் சோப்பின் வாடை.

"மச்சான்! யாருடா வெறுங்கால்ல..." வில்ஃப்ரெட் கையிலிருந்த விறகு கீழே விழுந்தது.

மறுநாள் கருவியை ஓட்டினார்கள். குழி வெட்டிய அடையாளம் தெரிந்த இடங்களில் கொடி நட்டார்கள். காலடிகள் நின்ற அதே கோட்டில் வரிசையாகக் கொடிகள். ஒன்று மட்டும் தனியாக. நான் மாலை முழுக்க உட்கார்ந்திருந்த கட்டையை உருட்டிவிட்டு, அங்கே நட்டார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். இடது கால் என்றதும் அவள் முகம் வெளுத்தது.

"ஓடிப்போகப் பாத்தான். பனியில கால் வெறச்சு, விரலை எடுத்துட்டாங்க."

இதை அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.

காட்டுப்பழம் ஒன்றுகூட மிச்சமில்லை என்றேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள்.

அன்று இரவு அவள் முன்னால் தட்டை வைத்தோம். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன அத்தை, யாரும் சாப்பிடச் சொல்லலையே?" என்றான் வில்ஃப்ரெட்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பத்தானேடா அவன் சொன்னான்."