புத்தூர்க் கட்டும் அந்தமான் உடும்பும்

மணலில் வயிற்றை இழுத்துக்கொண்டு பெரிய உடும்பு ஒன்று நடக்கும் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. வாசலில் யாராவது கோணிப்பையை இழுத்துப் போனால்கூட நான் கட்டில் மேல் ஏறி நின்றுகொள்வேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர்கள் யாரும் அந்தத் தீவில் இல்லை.

நாங்கள் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரிக்காரர்கள். என் வீட்டுக்காரர் எனக்குச் சொந்த அத்தை மகன், அதனால் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ரேணிகுண்டா பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். தெருவுக்குத் தெரு ஒரு பையன் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. இவருக்கும் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை கிடைத்துவிட்டது. போனால் இரண்டு வருஷத்துக்கு வர முடியாது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, போய் வா என்று சொல்ல மனசு வரவில்லை. "போறதுக்கு முன்னாடி உன்ன எங்கனா கூட்டிக்கினு போறேன்மே" என்று அந்தமானுக்கு டிக்கெட் போட்டார். எங்கள் வம்சத்தில் அதுவரை ஊர் பார்க்கப் போனது என்றால் திருமலைதான்.

சாமியைப் பார்க்காமல் கடல் தாண்டக் கூடாது என்று முதலில் திருமலைக்கே போனோம். மொட்டை போட்டுக்கொண்டார். படி வழியாகவே இறங்குவேன் என்று அடம்பிடித்தார். அடிவாரத்து அலிபிரி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், தூறலில் வழுக்கி விழுந்து வலது முன்கை எலும்பை முறித்துக்கொண்டார். எங்கள் பக்கம் எலும்பு முறிந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, நேராகப் புத்தூர்தான். முட்டை வெள்ளைக்கருவில் பச்சிலையைக் குழைத்து அப்பி, மூங்கில் பத்தை வைத்து, துணி சுற்றிக் கட்டினார்கள். "நீள்ளு தகலகூடது. தண்ணி படவே கூடாது. நடுவுல அவுத்தா கையி கோணிக்கும், அப்புறம் என்னைக் கேக்காத" என்று கட்டுப் போட்டவர் தெலுங்கு, தமிழ் இரண்டு பாஷையிலும் மிரட்டி அனுப்பினார். கை கோணினால் வெல்டிங் இல்லை, வெல்டிங் இல்லாவிட்டால் சிங்கப்பூர் இல்லை.

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு மாமா."

"கையிதானே ஒடஞ்சிச்சி? காலு நல்லாத்தானே கீது?"

வாய் மட்டும் குறைச்சலே இல்லை. மொட்டைத் தலையும் கட்டுப் போட்ட கையுமாக ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு நான் அந்தமானில் போய் இறங்கினேன்.

மூன்றாம் நாள் ஒரு படகுக்காரர் எங்களைச் சின்னத் தீவு ஒன்றில் இறக்கிவிட்டார். அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். சாயங்காலம் வந்து அழைத்துப்போவதாகச் சொன்னார். ஆள் யாரும் குடியில்லாத தீவு. போனில் சிக்னல் கிடையாது. "அம்மா, தண்ணியில இறங்காதீங்க, ஓடை வாய்க்கிட்ட முதலை உண்டு. சாப்பாட்டையும் திறந்து வைக்காதீங்க. டூரிஸ்ட்டுங்க அவிச்ச முட்டையைப் போட்டுப் போட்டு உடும்புகளைப் பழக்கி வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் புளிசாத டப்பாவை இரண்டு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டேன். மாமாவின் கைக்கட்டை நினைத்துப் பார்க்கவில்லை. இத்தனை நாளில் அதன் நாற்றம் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

காலையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சங்கைச் சுமந்துகொண்டு மரத்தில் ஏறும் நண்டைப் பார்த்தோம், பச்சைக் கிளிக் கூட்டத்தைப் பார்த்தோம். ஆனாலும் தண்ணீரில் ஒரு கட்டை மிதந்தால் நான் நாலடி பின்னால் போனேன். சாப்பிட்டுவிட்டு மாமா மர நிழலில் துண்டை விரித்துத் தூங்கினார். நான் கொஞ்ச தூரத்தில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

சர்... சர்ரென்று சத்தம். திரும்பினேன்.

முதலை என்றுதான் நினைத்தேன். என் உயரத்துக்கு நீளம் இருக்கும். கறுப்புத் தோல், பிளந்த நாக்கு, உடும்பு. உள்ளே போவதும் வெளியே வருவதுமாக அந்த நாக்கு, நேராக அவர் கையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஐயோ, கட்டுக்குள் முட்டை! அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்த வாயைத் திறந்தால் மாமா என்று வரவில்லை. அலிபிரிப் படியில் சிறுத்தை பயத்துக்குக் கூட்டமாகக் கத்திப் பழகிய வாய். "கோவிந்தா!" என்று அலறினேன்.

அந்த மனுஷன் கண்ணைக்கூடத் திறக்காமல் "கோய்ந்தா" என்று பதில் சொன்னார்.

அது கட்டைக் கவ்விவிட்டது. அவர் போட்ட அலறலில் மரத்துக் கிளிகள் எல்லாம் பறந்தன. நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன், அது எதிர்ப்பக்கம் இழுத்தது. உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்லிவைத்தார்கள்! ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த முறிந்த எலும்பு என்ன பாடுபட்டதோ, அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. பையிலிருந்து கொய்யா நறுக்கும் கத்தியை எடுத்தேன்.

"அறுக்காதமே! கையி போய்டும், சிங்கப்பூர் போய்டும்!"

"உசுரு போனா சிங்கப்பூர்ல இன்னா பண்ணுவ?" என்று கத்திக்கொண்டே அறுத்தேன். துணி, பத்தை, பச்சிலை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு அது புதருக்குள் போனது. மூங்கில் பத்தை கடிபடும் சத்தம் கேட்டது. அவர் கை துவண்டு தொங்கியது. தென்னை மட்டையை ஒடித்து வைத்து, என் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டப் போனேன்.

புதரில் மறுபடி சர்ரென்று சத்தம். துணியைத் தின்றது போதாமல், நாக்கை நீட்டிக்கொண்டு தலை வெளியே வந்தது. கைத்தோலில் அந்தப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவியாக வேண்டும். குடிக்கிற தண்ணீர் தீர்ந்துவிட்டது. இருப்பது கடல், கடலில் முதலை. முருகா, எந்தப் பக்கம் போவேன்!

கிடைத்த கட்டையை அவர் இடது கையில் கொடுத்தேன். காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நடந்தேன்.

"போவாதமே! துன்னா என்னைத் துன்னட்டும். வந்துடுமே!"

நான் திரும்பவில்லை. திரும்பினால் கால் நகராது என்று தெரியும். அலை ஓரத்தில் குனிந்து பாட்டிலை அமுக்கினேன். அந்தச் சின்னப் பாட்டில் நிரம்புவதற்குள் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். பின்னால் அவர் கத்திக்கொண்டிருந்தது நின்று, அழுகையாகிவிட்டது. கல்யாணமாகி அவர் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

கையைத் தேய்த்துக் கழுவினேன். மறுபடி போனேன், மறுபடி கழுவினேன். உடும்பு சுற்றிச் சுற்றி வந்து, பிறகு போய்விட்டது. படகு வரும்வரை முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புத்தூரில் வசவோடு சேர்த்து மறுபடி கட்டினார்கள். கை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. அந்தத் தடவை சிங்கப்பூருக்கு வேறு ஆள் போனான். ஆனால் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. மாமா பழையபடி ரேணிகுண்டாவுக்கே போய் அதே கையால் வெல்டிங் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் ஏஜெண்டு வீட்டுக்கே வந்தார். மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். மாமா வலது கையை நீட்டிக் காட்டினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். "இதுக்கு மேல நீட்ட வரல சார். கனம் தூக்க முடியாது." பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு ஏஜெண்டு போனார்.

அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், கேஸ் வண்டி வந்தது. மாமா சிலிண்டரை வலது கையால் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா மாமா, கனம் தூக்க முடியாதுன்ன?"

சிலிண்டரை இறக்காமலே சொன்னார்: "பாட்டில எடுத்துக்கினு தண்ணிக்குப் போனியே, அப்ப உன் முதுகத்தான் பாத்துக்கினு இருந்தேன். உன்னத் தனியா உட்டுட்டு இன்னொரு வாட்டி என்னால அப்பிடி தூரமா பாத்துக்கினு நிக்க முடியாதுமே. தள்ளு, கையி வலிக்குது."