சில்வெஸ்டர் கேட்டு வாங்கிய கயிறு

சில்வெஸ்டர் ஐயா யாரைக் கண்டாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். முகம் பிறகுதான். மட்டக்களப்பு நகரில் ஒரு லண்டன் இன்சூரன்ஸ் கொம்பனிக்கு இருபது வருடம் ஏஜண்டாக இருந்தவர். லொறியோ காரோ இடித்துக் காயம்பட்டவன் நட்டஈடு கேட்டால், அவன் உண்மையாகவே நொண்டுகிறானா என்று பார்த்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. அதைத் தட்டெழுதுவது என் வேலை.

ஐம்பத்தேழாம் ஆண்டு கொழும்புக் கிளையிலிருந்து ஓர் அட்டவணை வந்தது. ஒரு முழங்கால் போனால் லண்டன் நீதிமன்றம் என்ன கொடுக்கிறது, பினாங்கில் என்ன, பம்பாயில் என்ன, இலங்கையில் என்ன என்று நான்கு நிரல்கள். லண்டன் நிரல் வருடாவருடம் ஏறியிருந்தது. அந்த ஏற்றம் இங்கேயும் தொற்றுமோ என்று கொம்பனிக்குப் பயம். உங்கள் பகுதியில் நொண்டுவதுபோல் நடிப்பவர்கள் அதிகரித்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள்.

"லண்டன்காரன்ட முழங்காலுக்கு ஒரு கல்வீடு. நம்மட ஆக்கள்ட முழங்காலுக்கு ஒரு சோடி எருமையும் வராது. எலும்பு ஒண்டுதானே தம்பி?" என்றார் சில்வெஸ்டர் ஐயா. அடுத்த மூச்சிலேயே, "கோட்டில வழக்காடுற நம்மட ப்ரொக்டர்மார் இதக் கண்டாங்களோ, மறுகா ஊரே நொண்டும்" என்று அட்டவணையை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினார்.

அந்த மாதம்தான் கதிர்காமத்தம்பியின் கோரிக்கை வந்தது. வாவியில் வீச்சுவலை எறிபவர். செங்கலடிச் சந்தியில் லொறி இடித்து வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. இனித் தோணியில் நின்று வலை எறிய முடியாது என்பது அவர் கோரிக்கை. நிற்க முடிந்தால் கொம்பனி ஒரு சதமும் கொடுக்காது.

"ஆள் தோணியில நிக்கிறான்" என்று லொறி முதலாளி ஆள் அனுப்பிச் சொன்னார். சில்வெஸ்டர் ஐயா அதையும் நம்பவில்லை. காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு போய், கரைச்சேற்றில் அடர்ந்திருந்த கண்ணா மரங்களுக்குப் பின்னால் நின்றார்.

கதிர்காமத்தம்பி தோணியில் நிமிர்ந்து நின்று வலையை எறிந்தார். அது வட்டமாக விரிந்து விழுந்தது.

"கேஸ் முடிஞ்சுது ஐயா" என்றேன்.

சில்வெஸ்டர் ஐயா தோணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவரும் கதிரவெளியில் வலைகாரனுக்குப் பிறந்தவர். "இல்ல தம்பி. வல எறியிறவன்ட இடுப்பு வலையோட திரும்பும், குதி எழும்பும். இவன் நட்ட தடி மாதிரி நிக்கிறான். என்னமோ களவு இருக்கு."

தோணி கரைக்கு வந்தது. மனைவி கண்ணகை தண்ணீருக்குள் இறங்கிக் குனிந்து எதையோ அவிழ்த்தாள். தோணியில் அறைந்திருந்த கட்டையோடு அவருடைய வலது தொடை கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. வாவியில் யாரும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை.

கண்ணகை எங்களைக் கண்டுவிட்டாள். "ஒளிச்சு நிண்டா பாக்கிறீங்க? கிட்ட வந்து பாருங்க ஐயா. நிக்கிறாரெண்டே எழுதுங்க."

"தோணி கவுண்டா என்னகா செய்யிற?" என்று கேட்டார் சில்வெஸ்டர் ஐயா.

அவள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினாள். கதிர்காமத்தம்பிதான் சிரித்தார். "கவுண்டா நானும் தோணியும் ஒரே இடத்தில கிடப்பம். இவளுக்குத் தேட லேசு."

"நிற்கிறார். கட்டப்பட்டு நிற்கிறார்" என்று அறிக்கை போனது. பத்தாம் நாள் பதில் வந்தது: கட்டியதற்கு அத்தாட்சி என்ன? காயக்காரர் ஏஜண்டுக்கு உறவா?

சில்வெஸ்டர் ஐயா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "இப்ப என்ட காலப் பாக்கிறானுகள்" என்றார். பிறகு ஏறாவூருக்குப் போய் பக்கீர் கடையில் ஒரு புதுக்கயிறு வாங்கிக்கொண்டு, வாவிக்கரையில் கண்ணகையிடம் அத்தாட்சிக்குப் பழையதைக் கேட்டார்.

"இதையும் கொண்டு போனா, நாளைக்கு அவர எதால கட்டுற?"

அவர் புதுக்கயிற்றை நீட்டினார்.

பழைய கயிறு, தொடையின் தோலுரிந்த இரத்தக் கறையோடு கொழும்புக்குப் போய், வழக்கில்லாமலே நட்டஈட்டைக் கொண்டுவந்தது. இலங்கை நிரலுக்குக் கொஞ்சம் மேலே, பினாங்குக்குக் கீழே. ஆனால் அதெல்லாம் நாலு மாதம் கழித்து. அன்று கண்ணகை புதுக்கயிற்றைக் கரையில் தோணி கட்ட நட்டிருந்த தறியில் சுற்றி, தன் முழுப் பாரத்தையும் போட்டு மூன்று தரம் இழுத்தாள். அவ்வளவு நேரமும் அவள் கண் சில்வெஸ்டர் ஐயாவின் முகத்திலேயே இருந்தது. கயிறு அறவில்லை. அதன் பிறகுதான் பழையதைக் கையில் கொடுத்தாள்.