கடல் வரை அண்ணன் போட்ட தண்டவாளம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அட்டையையும் படத்தையும் பெரியண்ணன் அச்சுக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே நாலு நல்ல வார்த்தை எழுதும்படி தங்கையான என்னிடம் சொன்னார். அண்ணனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்குத் தேடவேண்டியதில்லை. ஆனால் அவர் வாழ்க்கையில் மற்றவர்களும் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு அவரை மட்டும் எழுத என்னால் முடியவில்லை.

அண்ணன் பிறந்தது ஓட்டப்பிடாரத்தில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது கோவில்பட்டியில். அப்பா பருத்தி வியாபாரம். பருத்திப் பொதி அடுக்கும் எங்கள் கிட்டங்கிக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ரயில்பாதை. என்ஜின் ஊதுகிற சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார். பருத்தி ஏற்றுமதிக்காகத் தூத்துக்குடிக்குப் போகும்போது அப்பா சில சமயம் அவரையும் கூட்டிப் போவார்கள். தூத்துக்குடியில் பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். முதல்முறை பார்த்துவிட்டு வந்த அன்று, தண்ணீருக்கு மேல் ஒரு வீடு புகை விட்டுக்கொண்டு நிற்கிறது என்று அண்ணன் எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து கப்பலில் போவது ஒன்றுதான் அவர் ஆசை.

பள்ளிப் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்தார். பம்பாயில் கப்பல் வேலைக்குப் பயிற்சி தருகிறார்கள் என்று விசாரித்து மனுப்போட்டார். எழுத்துப் பரீட்சையில் தேறினார். உடம்புப் பரிசோதனைக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே டாக்டர் வண்ணப் புள்ளிகள் தெளித்த அட்டையைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டாராம். எல்லாருக்கும் தெரிந்த எண் அண்ணனுக்குத் தெரியவில்லை. சிவப்பையும் பச்சையையும் அவர் கண்ணால் பிரிக்க முடியாது என்பது அதுவரை அவருக்கே தெரியாது. கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. அது தெரியாத ஆளுக்குக் கடலில் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் ரயில்வேக்குப் போட்டார். அங்கேயும் அதே மாதிரி அட்டை. சிக்னல் தெரியாத ஆளுக்கு ரயிலிலும் வேலை இல்லை.

திரும்பி வந்த அன்று கடையில் தரகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் அப்பா சொன்னார்கள்.

“ரெண்டு கண்ணும் நல்லாருக்குன்னு நெனச்சுல்லா இம்புட்டு நாளும் சோறு போட்டேன்.”

அண்ணன் பையை உள்ளே வைத்துவிட்டு வந்து எடைத்தராசுப் பக்கம் நின்றுகொண்டார். அதன் பிறகு கிட்டங்கி வேலைதான் அவருக்கு என்று ஆயிற்று.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது விளாத்திகுளத்தில் ஒரு மிளகாய் வத்தல் வியாபாரி வீட்டில் பெண் பார்க்கப் போனோம். நானும் போயிருந்தேன். பெண்ணின் தகப்பனாருக்கு அண்ணன் கண்ணைப் பற்றிப் பெரியண்ணன் முன்பே சொல்லியிருக்கிறார். சொன்னது தப்பில்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். காப்பி குடித்து முடித்ததும் அந்த மனிதர் ஒரு தாம்பாளத்தில் மிளகாயைக் கொட்டிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். பழுத்ததும் காயும் கலந்து கிடந்தன. பழத்தை மட்டும் பொறுக்கித் தனியாக வைக்கும்படி அண்ணனிடம் சொன்னார். சபை சிரித்தது. அண்ணன் கோபப்படவில்லை. குனிந்து ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருந்ததை எடுத்து ஓரமாக வைத்தார். வைத்ததெல்லாம் பழம்தான். அதைப் பார்த்த அந்த மனிதர் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தடவிப் பாக்காமச் சொல்லுங்க மாப்ள.”

அண்ணன் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். தெரியவில்லை என்றார். உள்ளே பெண்கள் இருந்த பக்கமிருந்தும் சிரிப்புக் கேட்டது. திரும்பி வருகையில் பஸ்ஸில் அப்பா அண்ணன் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அண்ணனுக்கு யாரும் பெண் பார்க்கவில்லை. கடைத்தெருவில் மட்டும் ரொம்ப நாளைக்கு, மிளகாய் வாங்குகிற யாராவது அவரைக் கூப்பிட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அந்த வருஷம்தான் கிட்டங்கியின் பின்னறையில் அண்ணன் ரயில் கட்ட ஆரம்பித்தார். பலகைகளைச் சேர்த்து அறை முழுக்க மேசை போட்டார். பருத்திப் பொதியைக் கட்டும் இரும்புப் பட்டையை மெல்லியதாக வெட்டி நிமிர்த்தி வைத்துத் தண்டவாளம் ஆக்கினார். தீப்பெட்டி ஆபீசில் கழித்துப்போட்ட குச்சிகள் குறுக்குக் கட்டைகள் ஆயின. தகரக்கடை பாய், அண்ணன் சொன்ன அளவுக்குப் பெட்டிகளையும் என்ஜினையும் வெட்டி ஒட்டிக் கொடுப்பார். பழைய கடிகாரத்தின் சுருளை உள்ளே வைத்து, சாவி கொடுத்தால் ஓடும்படி அண்ணன் செய்தார். கோவில்பட்டியில் கிளம்பி, கடம்பூர், மணியாச்சி தாண்டி, வண்டி தூத்துக்குடிக் கடற்கரையில் போய் நிற்கும். வழியெல்லாம் கரிசல் மண்ணையே பசையில் குழைத்துப் பூசியிருந்தார். காய்ந்ததும் அது தானாகவே வெடித்துக்கொண்டது. அதைப் பார்த்து அவருக்கு ஏக சந்தோஷம். கடைசியில் கடல். அதில் தள்ளித் தள்ளி நிற்கும் கப்பல்கள். ஒவ்வொரு கப்பலையும் மாதக்கணக்கில் செதுக்கினார். கயிறு, ஏணி, புகைபோக்கி எல்லாம் இருக்கும்.

வண்ணம் மட்டும் என் வேலை. எந்த டப்பாவில் என்ன நிறம் என்று நான் சொல்ல, அவர் பூசுவார். எனக்குக் கல்யாணமாகி எப்போதும்வென்றான் ஊருக்குப் போனபோது, டப்பாக்களை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போனேன். வருஷங்கள் போயின. அப்பா அந்த அறைப் பக்கமே போகமாட்டார்கள். பெரியண்ணன், வந்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டி, எங்கள் வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர் என்று அறிமுகம் செய்வார்.

ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பொருட்காட்சி நடந்தது. தகரக்கடை பாய் போய்ப் பேசி அண்ணனின் ரயிலுக்கும் ஒரு கொட்டகை வாங்கினார். அண்ணன் எல்லாவற்றுக்கும் புது வண்ணம் பூச நினைத்தார். தூத்துக்குடிக் கடல் கரையோரம் பச்சையாகவும் தள்ளிப் போனால் நீலமாகவும் இருக்கும் என்று நான் முன்பு சொல்லியிருந்தேன். நீலம் அவருக்குத் தெரியும். பச்சைக்குத்தான் ஆள் வேண்டும். பெரியண்ணனிடம் வாங்கி வரச் சொன்னார். பெரியண்ணன் டப்பாவைக் கொண்டு வந்து, இதுதான் பச்சை என்று கையில் கொடுத்தார்.

நான் பொருட்காட்சிக்கு வந்து சேர்ந்தபோது கொட்டகையில் நல்ல கூட்டம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரக் கடல் முழுவதும் செங்காவி நிறம். ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற காவிப் பெயிண்ட். ஆடு அறுத்த மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“எதுக்கு சிரிக்காவன்னு தெரியல. நீ சொல்லு. இது என்ன கலரு?”

“செவப்புண்ணே.”

அவர் திரும்பிப் பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணன் நண்பர்களோடு அந்தக் கொட்டகை வாசலில்தான் நின்றார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் போய் என்ஜினுக்குச் சாவி கொடுத்து மறுபடி ஓடவிட்டார். பொருட்காட்சி முடியும் வரைக்கும் அந்தக் கடலை மாற்றவில்லை. மாற்றித் தருகிறேன் என்று நான் சொன்னபோது, எல்லாரும் பார்த்தாயிற்று, இனி எதற்கு என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நின்ற ஒருவர் தூத்துக்குடித் தண்டல். சரக்குப் படகு ஒன்றை நடத்துகிறவர். கோவில்பட்டியில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவர். கப்பல்களையே வெகுநேரம் பார்த்துவிட்டு, இதையெல்லாம் எங்கே பார்த்துச் செய்தீர்கள் என்று அண்ணனிடம் கேட்டார். கரையில் நின்று பார்த்ததுதான், பக்கத்தில் போனதில்லை என்றார் அண்ணன். படகில் பொதி எண்ணிக் கணக்கு வைக்க ஆள் தேடுவதாகவும், அதற்கு எந்த டாக்டரும் கண்ணைப் பார்க்கமாட்டார் என்றும் தண்டல் சொன்னார்.

அண்ணன் உடனே போகவில்லை. அடுத்த பருத்திக் காலத்தில் பின்னறை வேண்டும் என்று அப்பா சொல்ல, அண்ணன் வசூலுக்குப் போயிருந்த சமயத்தில் ஆட்கள் மேசையைப் பிரித்து முற்றத்தில் போட்டுவிட்டார்கள். கப்பல்கள் நல்ல காய்ந்த மரம். பெரியண்ணன் வீட்டு மதினி அவற்றை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார்கள். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு பையோடு தூத்துக்குடிக்குப் போனார்.

அங்கே இருந்த காலம் அவர் நன்றாக இருந்த காலம். வெயிலில் கறுத்துப்போனார். வாய்விட்டுச் சிரித்தார். தினமும் படகில் போய்க் கப்பலின் பக்கவாட்டில் நிற்பார். பொதி மேலே போகும், இவர் கீழேயிருந்து எண்ணுவார். இரும்புச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்ததாக என்னிடம் சொன்னார். ஆனால் மேலே ஏற யாரும் கூப்பிட்டதில்லை.

பெரியண்ணன் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் அது நடந்தது. ஒரு கப்பலின் அதிகாரியிடம் தண்டல் அண்ணனைப் பற்றிச் சொல்லியிருந்தார். அவர் மேலே வரச் சொல்லி நூலேணியை இறக்கினார். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினார். அந்த நேரம் பெரிய அலை ஒன்று படகைத் தூக்கியது. படகுக்கும் கப்பலுக்கும் நடுவில் அகப்பட்டு அவருடைய இடுப்பும் காலும் நசுங்கிப்போயின. ஆஸ்பத்திரியில் விடியும் வரை இருந்தார். பக்கத்தில் தண்டல் மட்டும் இருந்தார்.

கல்யாணத்தன்று காலைப் பலகாரப் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் கேசரி பரிமாறிக்கொண்டு வந்தேன். பந்தியின் கடைசியில் தண்டல் உட்கார்ந்திருந்தார். இலையில் வைத்தது எதையும் தொடவில்லை. அண்ணனும் வந்திருப்பார் என்று நினைத்து, எங்கே என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் பந்தல் வாசலில் நின்ற பெரியண்ணனைப் பார்த்தார். பிறகு இலையை மூடாமல் எழுந்தார்.

“தங்கச்சி, அண்ணன் விடியக்கால எறந்துட்டாரு. தாலி கட்டுத வரைக்கும் வாயத் தொறக்காம ஒக்காந்து சாப்பிடணும்னு சொல்லிட்டாவ. என்னால முடியல.”

நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் போனேன். மணமேடைக்குப் பக்கத்தில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குனிந்து காதில் சொன்னேன். அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

“தாலி ஏறட்டும். நீ போய்ப் பந்தியப் பாரு.”

நானும் என் வீட்டுக்காரரும் தண்டலும் பஸ் ஏறினோம். கல்யாணத்துக்கு வந்திருந்த தகரக்கடை பாயும் எதுவும் கேட்காமல் கூட வந்தார். வழியில் தண்டல் அழுதார். ஏணியில் பாதிக்கு மேல் ஏறிவிட்டேன் அல்லவா என்று அண்ணன் கடைசியாகக் கேட்டாராம். இரண்டு மூன்று படிதான் ஏறியிருந்தார், ஆனாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன் என்றார். தூத்துக்குடியிலேயே தகனம் நடந்தது. என் வீட்டுக்காரர் கொள்ளி வைத்தார். அன்று மத்தியானம் கோவில்பட்டியில் பாயசத்தோடு விருந்து நடந்தது. இந்த மலரை வாங்கியிருப்பவர்களில் அநேகம் பேர் அதில் சாப்பிட்டவர்கள். உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் சேதி இப்போதுதான் வந்தது என்று சொல்லி எல்லாரும் தலைமுழுகினார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும்முன் இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதையும் எடுக்கச் சொல்லவில்லை. முடிந்ததும் ஒன்று மட்டும் சொன்னார்கள்.

“அட்டையில இருக்க திதிய மாத்தச் சொல்லிராத. நெச நாளு பேத்தி கல்யாண நாளுல்லா.”

மாற்றவில்லை. அட்டையில் ஒரு நாள் தள்ளிப் போட்ட திதி அப்படியே இருக்கிறது.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்த படகுக்காரர்களுக்கும், விடியும் வரை கூடவே இருந்து, பந்தியில் பொய்யாக உட்காரமாட்டேன் என்று எழுந்த தண்டலுக்கும், பாடை கட்டிய தகரக்கடை பாய்க்கும், அண்ணன் முகத்தைத் துடைத்துத் தலைவாரி அனுப்பிய ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கும், மச்சானுக்குத் தம்பியாக நின்ற என் வீட்டுக்காரருக்கும் என் நன்றி. நேற்று எப்போதும்வென்றானில் எங்கள் வீட்டுக்கு இவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணனுக்குப் படையல் போட்டு, இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று வந்திருக்கும் உங்களுக்கும் இலை போட்டிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அண்ணன் இறந்த நாள் நேற்றோடு முடிந்துவிட்டது.