தடுப்பணையை உடைத்த பொக்லைன்காரி

ஊரில் அவளைப் பொக்லைன்காரி என்றால்தான் தெரியும். கணவன் இறந்த பிறகு அவன் பொக்லைன் வண்டியை விற்காமல் தானே ஓட்டக் கற்றுக்கொண்டவள். வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டில்தான் அண்ணன். இருவரில் ஒருவர் இருமினால் இன்னொருவர் சண்டைக்கு வருவார்.

ஓடையின் குறுக்கே இருந்த பழைய தடுப்பணையில் தேங்கிய நீரில் அண்ணன் மிதிபடகு விட்டுப் பிழைத்தான். அந்த அணையால் யாருக்கும் வேறு பயனில்லை. சுவரில் விரிசல், நீரில் பாசி. முட்டையிட மேலே போகும் மீன்கள் சுவரில் முட்டி நின்றன. அதை இடித்து ஓடையை அதன் போக்கில் விடுவதென்று பொதுப்பணித் துறையில் முடிவாயிற்று. உடைக்கும் வேலை அவளுக்கு வந்தது.

"வேற ஆளே கிடைக்கலையா அவங்களுக்கு?" அண்ணன் வாசலில் நின்று கத்தினான்.

"கிடைச்சிருப்பாங்க. நான்தான் கேட்டு வாங்கினேன்."

"என் வயித்துல அடிக்கவா?"

"அந்தத் தண்ணியில கால் வச்சா சொறி வருது. படகுல வர்றவங்க மூக்கைப் பொத்துறது உனக்குத் தெரியலையா?"

மறுநாள் காலை அவள் வண்டிக்கு முன்னால் வழியை அடைத்தபடி ஒரு படகு கிடந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. அவள் வண்டியில் ஏறினாள். சங்கிலி கட்டி, படகை அலுங்காமல் தூக்கி, அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் வைத்தாள்.

"இறக்குடி!"

"ஏறி உக்காந்து மிதி."

சுவர் சரிந்து நீர் வடிந்தபின் சேறு நாறியது. ஊர் அவளைத்தான் திட்டியது. டீக்கடைக்காரர் டீ இல்லை என்றார், பின்னால் பாய்லர் கொதிக்கக் கொதிக்க.

மழை வந்ததும் ஓடை தனக்கு வழி தேடிக்கொண்டது. "மீன் ஏறுதாமே, பாத்தியா?" என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள். "அவகிட்ட என்ன பேச்சு?" என்று உள்ளே இருந்து அண்ணன் குரல்.

அவள் தனியாகப் போனாள். சுவர் இருந்த இடத்தைத் தாண்டி, முட்டளவு நீரில் மீன்கள் முண்டியடித்து ஏறின. உட்கார்ந்து பார்த்தாள். யாரும் இல்லாததால் சத்தமாகச் சிரித்தாள்.

அண்ணன் படகுகளை விற்றுவிட்டு மச்சான் கடையில் சேர்ந்தான். தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் ஹார்ன் அடிப்பதில்லை. வேகத்தைக் குறைப்பதும் இல்லை.